குஞ்சுக் கொட்டகைக் குரல்

மோகனூர்,
12.6.2024

தெய்வநாயகிக்கு,

நான் சவுக்கியம். நீ, பிரியா, மாப்பிள்ளை, பிறந்த குட்டி எல்லோரும் சவுக்கியம்தானே?

கல்யாணமாகி முப்பத்தைந்து வருஷத்தில் உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. வாழப்பாடி என்ன வடதுருவத்திலா இருக்கிறது? பஸ் ஏறினால் மூன்று மணி நேரம். சட்டைப் பையில் போன் கிடக்கிறது. ஆனால் நீ, "போன் பண்ணாதீங்க, என் குரலக் கேட்டா நரையன் ஏங்கிப் போறான், எதா இருந்தாலும் கடுதாசி போடுங்க" என்று சொல்லிவிட்டாய். போன வாரம் வீடியோவில் உன் முகத்தைக் காட்டியதும், அவன் கூண்டுக் கம்பியைக் கடித்து வாயெல்லாம் ரத்தமாக்கிக்கொண்டதை நானும் பார்த்தேன். சரி என்று தபால் ஆபீஸில் கவர் வாங்கினேன். கவுண்ட்டரில் இருந்த பெண் சிரித்தாள்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் மகன் கௌசிக் பெங்களூரில் வாங்கி, ஆஸ்திரேலியா போகும்போது உன் தலையில் கட்டிவிட்டுப் போன அந்த ஆப்பிரிக்கக் கிளி, உன் நரையன், என் சுண்டுவிரலைக் கிழித்துவிட்டது. இரண்டு தையல். கூண்டு கழுவ வேண்டும், வெளியே வாடா என்றேன். வரவில்லை. கோழியைப் பிடிப்பதுபோல இரண்டு காலையும் சேர்த்துப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கினேன். எத்தனை லட்சம் கோழி பிடித்த கை! இந்தச் சாம்பல் கிளிக்கு மட்டும் தனிச் சட்டமா?

நம் பண்ணையைக் குத்தகைக்கு எடுத்திருக்கிற தனபால், அடுத்த வியாழக்கிழமை குஞ்சுகளுக்கு அலகு வெட்ட ஆள் வருகிறது என்றான். அந்த மிஷினிலேயே இவனுக்கும் நுனியைச் சுட்டு விட்டுவிடலாம் என்று இருக்கிறேன்.

தலைப்பிரசவத்துக்கு மகள்தான் தாய் வீட்டுக்கு வருவாள். பிரியா பயணம் செய்யக்கூடாது என்று டாக்டர் சொன்னதால் நீ போனாய். நியாயம்தான். ஆனால் மூன்று மாதம் என்று சொல்லிப் போனதை மறந்துவிடாதே. டீக்குச் சர்க்கரை எத்தனை ஸ்பூன் என்று எழுது.

இப்படிக்கு,
வெ. குழந்தைவேல்

---

வாழப்பாடி,
15.6.2024

அன்புள்ள உங்களுக்கு,

தெய்வநாயகி வணக்கமாய் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம். விரலில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அலகை வெட்டாதீர்கள். உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு சொல்வதாக நினைத்துக்கொள்ளுங்கள், வெட்டாதீர்கள். பிரியா போன் போட்டாள், நீங்கள் எடுக்கவில்லை. தனபாலிடம் சொல்லி வைத்திருக்கிறாள்.

அலகுதான் அவனுக்குக் கை. அதை ஊன்றித்தான் ஏறுவான், அதால்தான் உரிப்பான், கொஞ்சுவான். கோழி ஐந்து நிமிஷத்தில் மறந்துவிடும், இவன் மறக்கமாட்டான். எட்டு வருஷத்தில் நான் அவனைப் பிடித்ததே இல்லை. கையை நீட்டி, "வாரியா சாமி?" என்று கேட்பேன். இஷ்டம் இருந்தால் ஏறுவான். இல்லையென்றால் கையை எடுத்துக்கொண்டு என் வேலையைப் பார்க்கப் போய்விடுவேன்.

இன்னும் ஒரு மாதத்துக்கு அவனைத் தொடவே தொடாதீர்கள். முகத்துக்கு நேரே உட்காராமல் பக்கவாட்டில் நாற்காலி போட்டுப் பேப்பர் படியுங்கள். கடலைக்காயைத் தட்டில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். தலைக்கு மேலே கையைக் கொண்டுபோகாதீர்கள், பருந்து என்று பயப்படுவான்.

பேத்திக்கு உங்கள் காது. சர்க்கரை ஒன்றரை ஸ்பூன்.

தெய்வநாயகி

---

மோகனூர்,
28.6.2024

தெய்வநாயகிக்கு,

நான் சுகம். கிளி சுகமில்லை.

அலகு வெட்டவில்லை, பயப்படாதே. அந்த ஆளே இவனைப் பார்த்துவிட்டு, "இது மேல நான் கை வெக்க மாட்டனுங்க" என்று ஒதுங்கிக்கொண்டான். ஆனால் உன் நரையன் தன் நெஞ்சு இறகைத் தானே பிடுங்கிப் போடுகிறான். கறிக்கடையில் உரித்த கோழி மாதிரி ஆகிவிட்டது. நான் அறைக்குள் காலை வைத்தாலே உறுமுகிறான். கிளி உறுமும் என்று எனக்கு இத்தனை நாள் தெரியாது.

நாமக்கல்லில் கால்நடை டாக்டரிடம் கொண்டுபோனேன். என்ன தீனி என்று கேட்டார். முட்டைக்கோழித் தீவனம் என்றேன். வெளிச்சம்? பதினாறு மணி நேரம் பல்பு எரியும் என்றேன். பண்ணையில் அப்படித்தானே செய்வோம். "ஏனுங்க, இது என்ன முட்டையா போடப் போகுது?" என்று கேட்டார். வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள்.

நோய் ஒன்றும் இல்லையாம். பயமும் ஏக்கமும்தானாம். இப்படியே இன்னும் இரண்டு மாதம் போனால் பிழைக்காது என்கிறார். எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது. நீ வந்தால் எல்லாம் சரியாகிவிடும். உடனே புறப்பட்டு வா.

வெ. குழந்தைவேல்

---

வாழப்பாடி,
14.7.2024

அன்புள்ள உங்களுக்கு,

இங்கே நலம். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. படித்துவிட்டு அழுதேன், அதனால் உடனே எழுத முடியவில்லை.

நான் இப்போது வரமுடியாது. வந்துவிட்டுத் திரும்பினால் அவனுக்கு இன்னும் மோசமாகும். அவனை நீங்கள்தான் பிழைக்க வைக்க வேண்டும்.

தீனி, வெளிச்சம் எல்லாம் எழுதினீர்கள். அவனிடம் எந்தக் குரலில் பேசுகிறீர்கள் என்று எழுதவில்லை. எழுதாவிட்டாலும் எனக்குத் தெரியும்.

கல்யாணமான மறு வருஷம் முதன்முதலாக ஐந்நூறு குஞ்சு இறக்கினோமே, ஞாபகம் இருக்கிறதா? கரும்புக் காட்டு ஓரத்தில் ஓலைக் கொட்டகை, நடுவில் கரியடுப்பு. சத்தம் கேட்டால் குஞ்செல்லாம் மூலைக்கு ஓடி ஒன்றன்மேல் ஒன்று ஏறி மூச்சு முட்டிச் செத்துவிடும் என்று யாரோ உங்களுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். அந்த மூன்று வாரமும் நீங்கள் வாயைத் திறந்து சத்தமாக ஒரு வார்த்தை பேசவில்லை. "புள்ள, அந்த விளக்கக் கொஞ்சம் தாழ்த்தறயா?" என்று காதோரம் கேட்பீர்கள். கொட்டகையை விட்டு வெளியே வந்த பிறகும் அதே குரல்தான். சோறு போட்டால், "நீ தின்னியா?" என்று அதே குரலில் கேட்டீர்கள். எனக்கு அப்போது இருபது வயது. இவரோடு காலம் முழுக்க இருந்துவிடலாம் என்று அந்தக் கொட்டகையில்தான் நினைத்தேன்.

அந்தக் குரலில் அவனிடம் பேசிப் பாருங்கள்.

தெய்வநாயகி

---

மோகனூர்,
9.8.2024

அன்புள்ள தெய்வநாயகிக்கு,

நான் சுகம். நரையன் பரவாயில்லை. பிரியாவுக்கு முதுகுவலி தேவலையா?

ஆடிப் பதினெட்டுக்கு ஆறு இரண்டு கரையும் தொட்டுப் போனது. நீ இல்லாமல் நான் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

நீ சொன்ன குரலைத் தேடினேன், கிடைக்கவில்லை. தீவன மிஷின் ஓட்டத்துக்கும் லாரிக்கும் கத்திக் கத்திப் பழகிய தொண்டை இது. மெதுவாகப் பேசினால் யாருக்கோ பயந்த மாதிரி இருக்கிறது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், மோட்டார் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசிப் பழகினேன். பக்கத்துத் தோட்டத்து நல்லம்மாள் எட்டிப் பார்த்து, "யாருகூடங்க பேசறீங்க?" என்றாள். போனில் என்று சொல்லிவிட்டேன்.

அப்புறம் நாற்காலியைப் பக்கவாட்டில் போட்டுப் பேப்பர் படித்தேன். பேப்பர் தீர்ந்துபோனால் உன் கடிதங்களைப் படித்தேன். பதினெட்டாவது நாள், நான் அறையில் இருக்கும்போதே கடலைக்காயை எடுத்து உரித்தான். தோலை என் பக்கமாக எறிந்தான். எனக்கு லாட்டரி விழுந்த மாதிரி இருந்தது.

முதல் குஞ்சுகளைப் பற்றி எழுதினாயே. கால் ஊனமான குஞ்சு ஒன்றை முந்தானையில் முடிந்துகொண்டு திரிந்தாயே, அதை விட்டுவிட்டாய். "இது பொழைக்காது, போடு" என்றேன். நீ போடவில்லை. அது பிழைத்து முட்டையும் வைத்தது.

மூன்று மாதம் இந்த மாதத்தோடு முடிகிறது. கார் அனுப்பட்டுமா?

குழந்தைவேல்

---

வாழப்பாடி,
30.8.2024

அன்புள்ள உங்களுக்கு,

எல்லோரும் நலம். பேத்தி குப்புற விழுகிறாள். பெயர் யாழினி என்று வைத்தாகிவிட்டது, பிரியா சொல்லியிருப்பாள்.

கார் வேண்டாம். பிரியா வேலைக்குத் திரும்பப் போகிறாள், குழந்தைக்கு ஆள் வேண்டும். எத்தனை நாள் என்று கேட்காதீர்கள்.

இனி கடலைக்காயைத் தட்டில் வைக்காமல் உள்ளங்கையில் வைத்து நீட்டுங்கள். கை ஆடக்கூடாது. உறுமினால் இரண்டு அடி பின்னால் போய், மறுநாள் மறுபடி முதலிலிருந்து ஆரம்பியுங்கள். அவமானமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

தெய்வநாயகி

---

மோகனூர்,
22.9.2024

அன்புள்ள தெய்வநாயகிக்கு,

நாங்கள் இருவரும் நலம். ஆமாம், இருவரும்தான். நீங்கள் மூவரும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள்.

ஏறிவிட்டான்! நேற்றுக் காலை பத்து மணிக்கு. கையை நீட்டி, "வாரியா சாமி? வராட்டியும் பரவால்ல" என்றேன். இருபது நாளாக இதைத்தான் தினமும் சொல்கிறேன், சொல்லிவிட்டுக் கையை எடுத்துக்கொள்வேன். நேற்று ஒரு காலை வைத்தான், எடுத்தான். அலகால் என் விரலைத் தொட்டுப் பார்த்தான், அதே சுண்டுவிரல். தையல் போட்ட இடத்தைக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தான். நான் மூச்சுக்கூட விடவில்லை. அப்புறம் இரண்டு காலையும் வைத்து ஏறி உட்கார்ந்துவிட்டான். அரைக் கிலோகூட இருக்கமாட்டான். அப்படியே நின்றேன், கை மரத்துப்போகும்வரை. அழுதுவிட்டேன் என்று பிரியாவிடம் சொல்லாதே.

நெஞ்சில் புது இறகு குத்துக் குத்தாக முளைக்கிறது. இன்னொன்று, நான்கு மாதமாக வாயே திறக்காதவன் நேற்றுச் சாயங்காலத்திலிருந்து பேசுகிறான்.

குழந்தைவேல்

---

வாழப்பாடி,
27.9.2024

என்ன சொன்னான்? யார் குரலில் சொன்னான்?

அதை மட்டும் எழுதுங்கள்.

தெய்வநாயகி

---

மோகனூர்,
16.10.2024

அன்புள்ள தெய்வநாயகிக்கு,

நலம். நீ இந்தத் தடவை நலம்கூட விசாரிக்கவில்லை.

அவன் பேசுவது தெளிவாக இல்லை, ஏதோ உளறுகிறான். குக்கர் விசில் அடிக்கிறான். பால் எடுக்க வருகிற வண்டியின் ஹாரனை அப்படியே அடித்து என்னை இரண்டு தடவை வாசலுக்கு ஓட வைத்துவிட்டான். கொய்யாப்பழம் பிடிக்கிறது, விதையை மட்டும் தின்கிறான். மழை நல்ல மழை. கிணறு மேலே வந்துவிட்டது.

வேறு ஒன்றும் விசேஷமில்லை.

குழந்தைவேல்

---

வாழப்பாடி,
5.11.2024

அன்புள்ள உங்களுக்கு,

எல்லோரும் நலம். தீபாவளிக்குக் கொடுத்துவிட்ட முறுக்கு வந்தது. கடை முறுக்கு என்றாலும் நன்றாக இருந்தது.

உங்களுக்குப் பொய் எழுத வரவில்லை. அவன் சொன்னதை நானே எழுதிவிடுகிறேன். "ஏய், காப்பி எங்க? காது செவுடா?" அப்புறம் டம்ளரை மேஜையில் குத்துகிற சத்தம். அப்புறம் என் குரலில், "இதோ வாரேனுங்க." சரிதானே?

நீங்கள் பண்ணைக்குப் போய்விட்டால் பகலெல்லாம் வீடு அமைதியாக இருக்கும். அந்த நேரம்தான் எனக்கென்று இருந்தது. அவன் உங்கள் சத்தத்தைக் கற்றுக்கொண்ட பிறகு அதுவும் இல்லை. நீங்கள் பண்ணையில் இருப்பீர்கள், வீட்டுக்குள் உங்கள் குரல் கேட்கும். போட்டது போட்டபடி எழுந்து ஓடுவேன். பாதி வழியில்தான் கிளி என்று தெரியும். போன வருஷம் பண்ணையைக் குத்தகைக்கு விட்டு நீங்களும் வீட்டோடு இருந்துவிட்டீர்கள். எது நீங்கள், எது அவன் என்று தெரியாமல் இரண்டுக்கும் ஓடினேன். என் பிள்ளை மாதிரி வளர்த்தவனை விட்டுவிட்டு வந்தது அதனால்தான். அவனிடமும் உங்கள் குரல் இருந்தது.

டாக்டர் பயணம் கூடாது என்று சொல்லவே இல்லை. பிரியாதான், "அப்பா போடற சத்தத்துல கொழந்த தூங்காதும்மா, நான் அங்க வரல, நீ வந்துரு" என்றாள். நானும் சேர்ந்து பொய் சொன்னேன். போன் வேண்டாம் என்றதும் அவனுக்காக மட்டும் இல்லை.

நீங்கள் என்மேல் ஒருநாளும் கை நீட்டியதில்லை, எந்தக் குறையும் வைத்ததில்லை. வெளியே சொன்னால் இதெல்லாம் ஒரு விஷயமா என்பார்கள். ஆனால் எனக்கு இனிமேல் அந்தச் சத்தம் வேண்டாம். திரும்பி வருவேனா என்று எனக்கே தெரியவில்லை.

தெய்வநாயகி

---

மோகனூர்,
20.12.2024

அன்புள்ள தெய்வநாயகிக்கு,

நீயும் பிரியாவும் யாழினியும் மாப்பிள்ளையும் நன்றாக இருக்க வேண்டும். நான் இருக்கிறேன்.

நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். பிரியா மேல் கோபம் இல்லை என்று முதலில் அவளிடம் சொல்.

அவன் முதலில் கத்தியபோது நான் கிணற்றடியில் இருந்தேன். யாரடா இவன், என் ஊட்டுக்குள்ள வந்து என்னோட பொண்டாட்டிய அதட்டறான் என்று கோபத்தோடு ஓடி வந்தேன். நீ ஊரில் இல்லை என்பதுகூட மறந்துபோயிற்று. அறைக்குள் அவன் மட்டும் இருந்தான். மறுபடி கத்தினான். கத்தி முடிப்பதற்குள், நடுவில் ஒரு நொடி இல்லாமல், உன் குரலில் "இதோ வாரேனுங்க." இத்தனை வருஷமும் நான் கூப்பிட்டேன், நீ வந்தாய் என்றுதான் நினைத்திருந்தேன். நீ பயந்துகொண்டு ஓடி வந்திருக்கிறாய். அது எனக்குத் தெரியாது. தெரியாது என்பதைச் சொல்லித் தப்பித்துக்கொள்ளவும் முடியவில்லை.

அவன் கத்தும்போது துணியைப் போட்டுக் கூண்டை மூடினால் மறந்துவிடுவான் என்றார்கள். ஒருநாள் மூடினேன். என்னுடைய சத்தத்துக்கு அவனை ஏன் இருட்டில் வைக்க வேண்டும் என்று எடுத்துவிட்டேன். இப்போது வேறு ஒன்று செய்கிறேன். என்ன என்று எழுத வெட்கமாக இருக்கிறது.

உன்னை வா என்று எழுதமாட்டேன். அவனை அவசரப்படுத்தினால் என்ன ஆகிறது என்று பார்த்துவிட்டேன். வந்தால் சந்தோஷம். வராவிட்டால் உன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஒன்றரை ஸ்பூன் சரியாக இருக்கிறது.

குழந்தைவேல்

---

மோகனூர்,
19.1.2025

அன்புள்ள பிரியாவுக்கு,

அம்மா எழுதுவது. நாங்கள் நலம். நீ, மாப்பிள்ளை, என் யாழினிக்குட்டி நலமா? அவளுக்குச் சளி விட்டதா? பகலில் உன் மாமியாரிடம் சமர்த்தாக இருக்கிறாளா?

போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் எனக்குக் கடிதம் எழுதிப் பழகிவிட்டது. மாட்டுப்பொங்கலுக்குப் போய் நரையனைப் பார்த்துவிட்டுச் சாயங்கால பஸ்ஸில் திரும்பிவிடுகிறேன் என்றுதானே ஒரு பையோடு புறப்பட்டேன். நாலு நாள் ஆகிவிட்டது. நீ கவலைப்பட்டிருப்பாய்.

உன் அப்பா இளைத்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் வாசலில் அப்படியே நின்றுவிட்டார். "வா புள்ள, உக்காரு, காப்பி வெக்கறேன்" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போனார். அந்தக் குஞ்சுக் கொட்டகையில் கேட்ட அதே குரல். எனக்கு அழுகை வந்துவிட்டது.

நரையனுக்கு நெஞ்சு முழுக்க இறகு முளைத்துவிட்டது. என்னைக் கண்டதும் பாய்ந்து வருவான் என்று நினைத்தேன். திரும்பி உட்கார்ந்துகொண்டான். எட்டு மாதக் கோபம். கையை நீட்டினேன், வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு கண்ணால் மட்டும் பார்த்து, உன் அப்பா குரலில், மெதுவாக, "வாரியா சாமி? வராட்டியும் பரவால்ல" என்றான். நான் சிரிப்பதற்குள் பழைய சத்தம். "ஏய், காப்பி எங்க? காது செவுடா?" டம்ளரைக் குத்துகிற சத்தமும்.

என் கால் தானாக எழுந்துவிட்டது, பிரியா. வாயில் பதில்கூட வந்துவிட்டது.

அதற்குள் சமையலறையிலிருந்து உன் அப்பா, "இதோ வாரேனுங்க!" என்றார்.

காப்பி டம்ளரோடு வந்தார். நான் எழுந்து நிற்பதைப் பார்த்துவிட்டு அவருக்கு முகமெல்லாம் வெட்கம். "ஒரு நாளைக்கு அஞ்சாறு தடவ கூப்படறானா, யாராச்சும் பதில் சொல்லோணுமில்ல" என்றார். அந்தச் சத்தத்துக்குப் பிறகு இப்போது நரையன் என் குரலில் பதில் சொல்வதில்லை. கத்திவிட்டு, அவர் வரும்வரை காத்துக்கொண்டிருக்கிறான். நான் மறுபடி உட்கார்ந்து காப்பியைக் குடித்தேன். சர்க்கரை ஒன்றரை ஸ்பூன்தான்.

நேற்று அவருக்கே ஒரு தடவை குரல் உயர்ந்தது. பாதியில் நிறுத்திவிட்டு வெளியே போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்தார். போகப் போகத்தான் தெரியும்.

என் துணிமணி இருக்கிற பச்சைப் பெட்டியை மாப்பிள்ளை இந்தப் பக்கம் வரும்போது கொடுத்துவிடச் சொல். அவசரமில்லை. நரையன் இன்னும் என் கைக்கு வரவில்லை. தினமும் கடலைக்காயைத் தட்டில் வைத்துவிட்டுப் பக்கவாட்டில் உட்கார்ந்திருக்கிறேன். எத்தனை நாள் ஆகுமோ, அதுவரை இங்கே இருந்து பார்க்கிறேன்.

யாழினியின் இரண்டு கன்னத்திலும் ஒவ்வொரு முத்தம்.

அம்மா